வடகவுஞ்சி வளைவில் டவர் இல்லை

எங்கள் பூம்பாறையில் செல்போன் கம்பெனிகளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டவர் எங்கே நிற்கிறதோ அதுதான் பெயர். மேட்டு டவர், பள்ளிக்கூட டவர், அவ்வளவுதான். மேட்டு டவர் பழையது. அதில் ஒரு போட்டோ போய்ச் சேருவதற்குள் உலை கொதித்துச் சோறே வெந்துவிடும். ஆனால் கொடைக்கானல் தாண்டி, பெருமாள்மலை தாண்டி, பழனி ரோட்டில் எந்த வளைவில் நின்றாலும் பேசலாம். பள்ளிக்கூட டவர் புதியது. அடுப்படியில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாம். பெருமாள்மலையிலிருந்து பழனி ரோட்டில் இறங்கினால் மட்டும் செத்துவிடும். மறுபடி அதற்கு உயிர் வருவது மலையடிவாரத்தில்தான்.

என் வீட்டுக்காரர் பழனிமுத்து பிக்கப் வண்டி வைத்திருக்கிறார். ஊர்க்காரர்களின் கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கை ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்வருகிறார். வாரத்தில் பாதி நாள் ரோட்டில் கிடக்கிற மனுஷனுக்கு எந்த டவர் வேண்டும்? பால் குடிக்கிற பிள்ளையைக் கேட்டால்கூட மேட்டு டவரைக் கை காட்டும். நான்தான் பள்ளிக்கூட டவருக்கு மாறச் சொல்லி அவரை நச்சரித்தேன்.

"மண்டிக்காரரு ஏத்துறதுக்கு முன்னாடியே சரக்கு போட்டோ கேக்குறாருல்ல? இந்த ஆமை டவர வச்சுக்கிட்டு என்னத்த அனுப்புவீங்க?" என்று கேட்டேன். கேட்டது அது. நினைத்தது வடகவுஞ்சியை.

வடகவுஞ்சியில் என் நாத்தனார் காளியாயி இருக்கிறாள். அவருக்கு அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள், தனியாள். மார்க்கெட்டில் இறக்கிவிட்டு இவர் வண்டி மலையேறுகிற நேரம் அவளுக்கு அத்துபடி. சரியாக ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். இவர் வடகவுஞ்சி வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் வீட்டுக்கு இறங்கிப் போவார். அவள் கையால் சாப்பிடுவார். கூரை ஒழுகுகிறது, மாடு கறக்கவில்லை, காலில் கல் குத்திய புண் ஆறவில்லை என்று அவள் சொல்வதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வருவார்.

நான் மதியம் வடித்த சோறு விறைத்துப்போய் இருக்கும். "பசிக்கல புள்ள. அக்கா மொச்சைக் குழம்பு வச்சிருந்துச்சு" என்பார். அந்த மொச்சைக் குழம்பு இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு என் வயிறு எரிந்த எரிச்சலில் ஓர் அடுப்பே பற்ற வைத்திருக்கலாம்.

"ஊருக்கெல்லாம் புண்ணு ஆறுது. ஒங்க அக்காவுக்கு மட்டும் ஆறமாட்டேங்குதாக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சர்க்கரை இருக்குல்ல புள்ள, வெரசா ஆறாது" என்றார் அவர். அதற்கும் ஒரு சர்க்கரையா என்று நினைத்துக்கொண்டு பாத்திரத்தை ணங்கென்று வைத்தேன்.

அவருடைய சிநேகிதர் செல்வமுருகனும் வண்டிக்காரர்தான். அவர் டீக்கடையில் வைத்தே சொல்லியிருக்கிறார். "ஏலே பழனி, ரோட்டுல கெடக்குறவனுக்கு மேட்டு டவருதாம்லே. ரெண்டு சிம்மு போட்டுக்கயேன், சோலி முடிஞ்சுச்சு." ஆனால் இவர் போனில் இரண்டாவது சிம் போடுகிற ஓட்டையில் பாட்டுக் கார்டு இருந்தது. அதை எடுத்தால்தான் இன்னொரு சிம் போட முடியும். பாட்டு இல்லாமல் இவர் மலை இறங்கமாட்டார். சத்தம் வைத்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும்.

நானும் விடவில்லை, அவரும் இழுத்தடித்தார். கடைசியில் "வேலப்பருகிட்ட பூ கேட்டுருவோம்" என்றார்.

எங்கள் ஊரில் அது வழக்கம்தான். பெண் எடுப்பதா, கிணறு தோண்டுவதா, பூண்டு ஊன்றுவதா, எதில் குழப்பம் வந்தாலும் வேலப்பர் கோயிலில் பூ கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுத்தால் வருகிற நிறம்தான் சாமியின் வாக்கு. சிம்முக்குப் பூ கேட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். வெள்ளை மல்லி வந்தால் மேட்டு டவர், செவ்வரளி வந்தால் பள்ளிக்கூட டவர் என்று பேச்சு. பொட்டலம் மடிக்கிற வேலை என்னுடையது.

நான் இரண்டிலும் செவ்வரளியை வைத்து மடித்தேன். மல்லியைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

பயமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பாவம். பூசாரி தட்டில் வைத்துத் தீபம் காட்டிவிட்டு நீட்டினார். இவர் இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் முகத்தருகே வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். அப்புறம் ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டு மற்றதைப் பிரித்தார். சிவப்பு. "சரி, சாமியே சொல்லியாச்சு" என்றார். மிச்சப் பொட்டலத்தைப் பூசாரி என் கையில் கொடுத்து, "இதையும் வீட்டுல வையித்தா" என்றார். சாமிக்கு வைத்த பூவைக் குப்பையில் போடவும் மனசில்லை, பிரித்து மாலையில் கட்டவும் தைரியமில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்படி அலமாரியில் மிளகு டப்பாவுக்குப் பின்னால் செருகிவிட்டேன்.

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் போன் கடை வைத்திருக்கும் ரம்யாதான் அதே நம்பரைப் பள்ளிக்கூட டவருக்கு மாற்றிக்கொடுத்தாள். அவளும் சொன்னாள். "அண்ணே, நீங்க டெய்லி மாதிரி டிராவல் பண்ற ஆளு. பழனி ரோட்டுல இதுல கவரேஜே கெடையாது. மாத்திட்டா மூணு மாசத்துக்குத் திருப்பி மாத்தவும் முடியாது. யோசிச்சுக்கங்க."

"வேலப்பரு உத்தரவு தாயி" என்றார் இவர். நான் கடைக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் மிஸ்டு கால் வரவில்லை. வரவும் வழியில்லை. வண்டி வளைவில் நிற்காமல் நேரே வந்தது. அவர் மதியமே வீட்டில் உட்கார்ந்து, நான் வைத்த குழம்பை ஊற்றிச் சூடாகச் சாப்பிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தேன். சாமியை ஏமாற்றிய பயம்கூட அந்தச் சோற்று ஆவியில் மறைந்துவிட்டது.

காளியாயி விடுகிற ஆளா? தம்பி வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட ஆரம்பித்தாள். விடிய விடிய வண்டி ஓட்டிவிட்டு வந்தவர் சாப்பிட்டதும் படுத்துவிடுவார். போன் என்னிடம் இருக்கும்.

"ஏத்தா மகாதேவி, தம்பி இருக்கானா?"

"தூங்குறாரு மதினி."

"கால் வீங்கிக் கெடக்குத்தா. பஸ் படி ஏற முடியல. அவன் வண்டியில பழனி ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோயி விட்டான்னா நல்லது. சொல்றியாத்தா?"

"சொல்றேன் மதினி."

அவர் எழுந்ததும் சொல்வேன். "ஒங்க அக்கா போன் பண்ணுச்சு."

"என்னவாம்?"

"வழக்கம்போலத்தான்."

"ம்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குச் சரக்கு ஏற்றப் போய்விடுவார். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ரோட்டில் டவர் இல்லை. வீட்டில் டவர் நான்தான். நானும் எடுக்கவில்லை. மறுநாளும் அவள் கூப்பிட்டாள், அதற்கப்புறமும் கூப்பிட்டாள். குரல் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. அது என் காதில் விழாமல் இல்லை. நடிக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் போன் வருவது நின்றது. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம் ஒருநாள் மதியத்துக்கு முன்னால் என் போனுக்குப் புது நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். வடகவுஞ்சி சேனாதிபதி. காளியாயிக்குப் பக்கத்துத் தோட்டக்காரர். "ஏம்மா, காளியாயக்காவப் பழனி ஆஸ்பத்திரில சேத்துருக்கு. காய்ச்சல்ல பேச்சு மூச்சில்லாம கெடந்துச்சு, நான்தான் ஜீப்புல தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தேன். பாதத்துல பாதிய எடுத்துட்டாகம்மா. பழனிமுத்துக்கு அடிச்சு அடிச்சுப் பாக்குறேன், போகவே மாட்டேங்குது. வரச் சொல்லும்மா."

அந்த நேரம் இவர் மார்க்கெட்டிலிருந்து திரும்பி, பழனியைத் தாண்டி மலையேறிக்கொண்டிருப்பார். அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் வந்திருப்பார். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்று ஒரு பெண் தேன் ஒழுகச் சொன்னாள். மறுபடி போட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே அடித்தேன், அழுதுகொண்டே அடித்தேன். "எடுங்களேன், எடுத்துத் தொலைங்களேன்" என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். கெடுவான் கேடு நினைப்பான் என்பது சும்மா இல்லை. நான் வெட்டிய குழியில் நானே நின்றுகொண்டு கூப்பிட்டேன்.

வண்டி பாட்டோடு வந்து வாசலில் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். அவர் இறங்கக்கூட இல்லை. நான் ஏறிக்கொண்டதும் வந்த வழியே திருப்பினார்.

ஆஸ்பத்திரியில் காளியாயி பாதி ஆளாகக் கிடந்தாள். வலது காலில் விரல்கள் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி உருண்டையாகக் கட்டியிருந்தது. டாக்டர் அம்மா எங்களைத் தனியே கூப்பிட்டு, "ஏன் இவ்வளவு லேட்டு? ஆரம்பத்துலயே வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்" என்றார். இவர் தரையைப் பார்த்தார். நான் இவர் சட்டை முதுகைப் பார்த்தேன்.

தையல் பிரித்ததும் அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்தோம். நான்தான் வற்புறுத்தினேன். கஞ்சி வைத்தேன், புண்ணுக்குத் துணி மாற்றினேன், வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினேன். ஊரே மெச்சியது. "நாத்தனாரை இப்படிப் பாக்குறவ எங்க இருக்கா" என்று தெருவில் சொன்னார்கள். ஒவ்வொரு பாராட்டும் செருப்படி மாதிரி விழுந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, குத்திக் குடைந்தது. துணி மாற்றும்போது அந்த இல்லாத விரல்களைப் பார்ப்பேன். அவள், "அருவருப்பா இருக்காத்தா?" என்று கேட்பாள். இல்லை மதினி என்பதற்குள் கண்ணில் தண்ணீர் கட்டிவிடும். அவள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டு என் கன்னத்தைத் தடவுவாள். அதைவிட ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

ஒருநாள் மூன்று பேரும் அடுப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவளே பேச்சை எடுத்தாள்.

"போன் போகலன்னதும் நான் ரோட்டுக்கே வந்து நின்னேன் தம்பி. வளைவுல. ஒரே பனி, ஒண்ணும் தெரியல. ஆனா பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. தம்பி வாரான்னு கையக் கையக் காட்டுனேன். வண்டி போயிருச்சு. பனியில ஒனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல."

இவர் பிசைந்த சோறு கையிலேயே இருந்தது. "தெரியலக்கா" என்றார். "சத்தியமாத் தெரியல."

"அதான் தெரியுமே. ஒன்னையவா சொல்றேன்?" அவள் சிரித்தாள். "அந்தப் போன்ல ஒருத்தி பேசுறா பாரு, எல்லைக்கு வெளியே இருக்காருன்னு. மொத நாளு அது மகாதேவிதான்னு நெனச்சேன்! 'ஏத்தா, என்னத்தா ரேடியோக்காரி மாதிரி பேசுற, தம்பிகிட்ட குடு'ன்னு கேக்குறேன், அவ பாட்டுக்குச் சொன்னதையே சொல்றா. பெறகு சேனாதிபதிதான் சொன்னான், அது மிசினு பேசுறதுன்னு."

சிரிக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, புரையேறியது.

"தண்ணியக் குடி" என்று என் தலையைத் தட்டினாள். பிறகு அவள் தன் பட்டன் போனை முந்தானையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். "நான் இனி ஊருக்குப் போகணும்லத்தா. தம்பிய எங்க இருந்தாலும் பிடிக்கிற மாதிரி ஒரு நல்ல டவராப் பாத்து மாத்திக்குடு. எனக்கு இதெல்லாம் வெளங்காது. வேலப்பருகிட்ட பூ கேட்டே சொல்லு. தம்பிக்கு நீதான பொட்டலம் மடிச்சியாம்? எனக்கும் நீயே மடி. ஒன் கை ராசியான கை."

என் கை ராசியான கை! அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் மிளகு டப்பாவை நகர்த்தி, பின்னால் கிடந்த பொட்டலத்தை எடுத்துவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் போட்டுப் பிரித்தேன். அரளி கருகிச் சருகாகியிருந்தது. ஆனாலும் சிவப்பு என்று தெரிந்தது.

"ரெண்டுலயும் இதுதான் மதினி வச்சேன். வெள்ளையே வைக்கல. அவரு வடகவுஞ்சியில நிக்கக்கூடாது, ஒங்க போன் எடுக்கக்கூடாதுன்னுதான் அந்த டவருக்கு மாத்த வச்சேன். நீங்க கால் வீங்கிக் கெடக்குன்னு சொன்னப்பல்லாம் நான் அவருகிட்ட சொல்லல. வழக்கம்போலத்தான்னு சொன்னேன். நாந்தான் மதினி. ஒங்க கால எடுத்தது நாந்தான்."

தரையில் உட்கார்ந்து அவளுடைய கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் காலை இழுக்கவில்லை. தம்பியைப் பார்த்தாள். தம்பி இவளை வையட்டும், அடிக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். அடித்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் எழுந்து கையைக் கழுவினார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார். "எனக்கு அன்னிக்கே தெரியும்."

"என்ன தெரியும்?" என்றேன்.

"மூஞ்சிகிட்ட கொண்டுபோனேன்ல. ரெண்டுலயும் மல்லி வாசமே இல்ல. ஒன் தலையிலதான் அடிச்சுச்சு."

"தெரிஞ்சுமா எடுத்தீங்க?"

"எடுத்தேன்." சுவரைப் பார்த்துப் பேசினார். "ஒவ்வொரு தடவையும் அங்க நிக்கணும், அங்க சாப்பிடணும், கொறை கேக்கணும், வந்து இங்கயும் பேச்சு வாங்கணும். அலுத்துப்போச்சுக்கா. சாமி சொல்லிருச்சுன்னா நீயும் கேக்கமாட்ட, இவளும் கேக்கமாட்டா. செல்வமுருகன் சொன்ன மாதிரி பாட்டுக் கார்டை எடுத்துட்டு இன்னொரு சிம்மு போட்டிருக்கலாம். போடல. இவ வழக்கம்போலத்தான்னு சொன்னப்ப, என்னன்னு இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாளும் நான் ஒருத்தியே வெந்து சாகிறேன், பக்கத்தில் இந்த மனுஷன் எல்லாம் தெரிந்துகொண்டு குறட்டை விட்டிருக்கிறார்! சட்டையைப் பிடித்து உலுக்கலாம் என்று எழுந்தேன். எந்த முகத்தோடு உலுக்குவது? அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

காளியாயி அந்தச் சருகை விரலால் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. பட்டன் போனை என் மடியிலிருந்து எடுத்து மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மொத நாளு நான் நெனச்சது சரிதான்" என்றாள். "மிசினு இல்ல. எடுத்துப் பேசுனது நீங்கதான்."

பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். "வண்டிய எடு தம்பி. என்னைய வீட்டுல விட்டுரு."

அவர் கொண்டுபோய் விட்டார்.

இப்போது போனில் பாட்டுக் கார்டு இல்லை. அந்த இடத்தில் மேட்டு டவர் சிம் இருக்கிறது, அந்த நம்பரை மதினியிடமும் கொடுத்திருக்கிறோம். இரண்டு டவரும் ஒரே போனில். பூம்பாறையிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை ஒரு வளைவு விடாமல் பேசலாம். வண்டியில் பாட்டுச் சத்தம் கிடையாது. சில நாள் நானும் கூடப் போகிறேன். திரும்பும்போது வளைவில் நிறுத்திவிட்டு, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன சோற்றோடு இருவரும் இறங்கிப் போகிறோம். ஊன்றுகோலோடு வாசலுக்கு வருகிறாள். "வாங்க, உக்காருங்க" என்கிறாள். என்னை ஏத்தா என்று கூப்பிட்டவள், தம்பியை வா, போ என்று பேசியவள். கேரட் என்ன விலை போகிறது என்று கேட்கிறாள். கால் எப்படி இருக்கிறது என்று நாங்கள் கேட்டால், நல்லா இருக்குங்க என்கிறாள்.

வண்டி அடிவாரம் தாண்டியதும் அவர் போனை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே எங்கள் இருவருக்கும் தெரிகிற மாதிரி வைத்துவிடுவார். வடகவுஞ்சி வளைவு நெருங்கும்போது டவர் முழுதாகக் காட்டும். நாங்கள் அதையே பார்த்துக்கொண்டு வருவோம். போன்தான் வருவதில்லை.